டெல்டாவில் கருவி வந்துவிட்டது, பார்த்துக்கொள்ள ஆள் எங்கே? ஐடிஐகளும் அரசு மருத்துவமனைகளும்

வேதை உப்புக்காற்று எழுதியது:

வணக்கம். அரசு ஐடிஐ ஒன்றில் மின்பணியாளர் பிரிவுக்கு இருபத்தெட்டு ஆண்டு பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் வேதாரண்யம் பக்கம். இரண்டு மாதமாக மனத்தை உறுத்துகிற ஒரு விஷயத்தை உங்களிடம் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு அரசு மருத்துவமனையில்தான் பிரசவம். எந்த மருத்துவமனை என்று சொல்லவில்லை. அங்கிருந்தவர்கள் எங்களை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம். பிரசவ அறைக்கு வெளியே ஒரு வார்மர் நின்றது. பிறந்த குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் கருவி அது. அதன் மேல் ‘பழுது’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. தேதியைப் பார்த்தேன், நான்கு மாதம் ஆகியிருந்தது. நல்லவேளை, உள்ளே இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. அதே நடையில் நாலு எட்டுத் தள்ளி, தடுப்பூசி மருந்தைக் குளிரில் வைத்திருக்கும் ஐஎல்ஆர் பெட்டி. பார்த்தாலே தெரிகிறது, வயதான பெட்டி. ஆனால் பக்கத்தில் தொங்கிய பதிவேட்டில் காலையும் மாலையும் வெப்பநிலை குறித்திருந்தார்கள். 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில், ஒரு வேளைகூடத் தவறவில்லை.

வார்மரைத் திறந்து பார்க்க எனக்குக் கை பரபரத்தது. தொடக் கூடாது, வாரண்டியில் இருக்கிறது என்றார்கள். சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஐடிஐகளுக்கு வந்த சீர்திருத்தங்களை எல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். 2007-08இல் நாடு முழுக்க 1,396 அரசு ஐடிஐகளுக்குத் தலா இரண்டரைக் கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள். நிர்வாகக் குழுவுக்குத் தலைவராக ஒரு தொழிலதிபர் வேண்டும் என்றார்கள். கோயம்புத்தூருக்கு அது பொருந்தும். நெல்லும் மீனும் உப்புமே பிழைப்பாக இருக்கும் கடைமடையில் தொழிலதிபருக்கு எங்கே போவது? அப்புறம் 2022இல் மாநில அரசும் டாடா டெக்னாலஜீஸும் கைகோத்து 71 அரசு ஐடிஐகளைத் தொழில் 4.0 மையங்களாக்கும் திட்டம் வந்தது. 2,877 கோடி ரூபாய். ரோபோ, கணினி சொல்படி உலோகம் வெட்டும் சிஎன்சி, மின்வாகனம் எல்லாம் வந்து இறங்கின. 2025இல் மத்திய அரசு 60,000 கோடியில் இன்னொரு திட்டம் அறிவித்திருக்கிறது. நாடு முழுக்க 1,000 ஐடிஐகள், அதில் 200 மையங்கள், 800 கிளைகள். பணம் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

என் கேள்வி இதுதான். ஒரே மாவட்டத்தில் ஒரு துறை வருடா வருடம் மின்பணியாளர்களைப் பயிற்றி வெளியூருக்கு பஸ் ஏற்றிவிடுகிறது. இன்னொரு துறை கருவியைப் பழுது பார்க்க ஆளில்லாமல் தாள் ஒட்டி வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருமே இல்லையா?

வெண்ணாற்றுச் செவிலி எழுதியது:

ஐயா, நீங்கள் பார்த்த ஐஎல்ஆர் ஓடுவதற்கும் வார்மர் நிற்பதற்கும் காரணம் எனக்குத் தெரியும். திருவாரூர் மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன்.

தடுப்பூசித் திட்டத்தில் குளிர்பதனப் பெட்டிகளைப் பார்க்க மாவட்டத்துக்கென்று ஒரு மெக்கானிக் உண்டு. நான் முதலில் வேலை பார்த்த இடத்துக்கு வந்தவர் ஐடிஐயில் குளிர்பதன ட்ரேடு படித்தவர். எங்கள் எல்லார் போனிலும் அவர் நம்பர் இருக்கும். பெட்டியின் சத்தம் கொஞ்சம் மாறினாலே கூப்பிடுவோம். கரண்ட் போனால் மூடியைத் திறக்காதீர்கள், ஸ்டெபிலைசரில் இந்த விளக்கு எரிந்தால் பயப்படாதீர்கள் என்று பாதி விஷயங்களை அவர்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தது உங்களுக்குத் தெரியும். ரோடு முழுக்கத் தென்னை மரம். மறுநாள் மத்தியானம் அவர் பைக்கைத் தள்ளிக்கொண்டும் தூக்கிக்கொண்டும் வந்து சேர்ந்தார். கேரியரில் குளிர்பெட்டி. வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை, “ஐஎல்ஆர் எத்தனை டிகிரி?” என்றுதான் கேட்டார்.

வார்மருக்கு அப்படி ஓர் ஆள் கிடையாது. போனில் புகார் பதிய வேண்டும். ஓர் எண் கொடுப்பார்கள். கம்பெனி ஆள் எங்கிருந்தோ கிளம்பி வர வேண்டும். வந்தால் பாகம் இல்லை என்பார், பாகம் வரும்போது அந்த ஆள் மாறியிருப்பார்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். பிரசவம் நெருங்கிவிட்டது, வார்மர் எரியவில்லை. தெருவில் பம்ப்செட் வேலை பார்க்கும் ஐடிஐ தம்பி ஒருவனைக் கூப்பிட்டேன். ஃபியூஸ் போயிருந்தது, அவ்வளவுதான். மாற்றிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல் போனான். குழந்தை நன்றாக இருக்கிறது, இப்போது அங்கன்வாடிக்குப் போகிறது. ஆனால் வெளியாளைக் கருவியைத் தொடவிட்டதற்கு என்னிடம் விளக்கக் கடிதம் வாங்கினார்கள். விதி அப்படி, எழுதிக் கொடுத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆள் போடுவது என்றால் எப்படி ஆள்? 2015இல் ஆயிரக்கணக்கில் நர்ஸுகளை எடுத்தபோது சேர்ந்தவள் நான். தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் காலமுறை ஊதியம், அதாவது நிரந்தர ஊழியருக்கான சம்பளம், கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் சேர்ந்தோம். 2017 நவம்பரில் சென்னையில் தரையில் உட்கார்ந்து போராடினோம். எனக்கு ஆணை கைக்கு வரும்போது என் பையன் நான்காம் வகுப்பு. என்னோடு சேர்ந்த நல்ல கைகள் பலர் இடையிலேயே தனியாருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். டெக்னீஷியனையும் இப்படித்தான் எடுப்பார்கள் என்றால் எனக்கு ஆசையில்லை.

மன்னை பட்டறை எழுதியது:

மன்னார்குடியில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறேன். உப்புக்காற்று ஐயா சொல்வது மருத்துவமனையோடு நிற்கவில்லை. சம்பா அறுவடையில் மெஷின் வயலில் நின்றுவிட்டால் ஆத்தூர், நாமக்கல் பக்கத்திலிருந்து ஆள் வரும்வரை கதிர் காய்ந்து கொட்டுகிறது. நெல் விளைவது இங்கே, மெக்கானிக் வருவது அங்கிருந்து.

ஐடிஐ பையன்களைத் தொழில் பழகுநராக (அப்ரண்டிஸாக) எடுங்கள் என்கிறார்கள். 1961 சட்டம் இருக்கிறது, 2016இலிருந்து உதவித்தொகையில் கால் பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய் அரசு தருகிறது. நல்ல திட்டம். ஆனால் நிறுவனத்தில் குறைந்தது நாலு பேர் இருக்க வேண்டும். என்னோடு சேர்த்து மூன்று பேர் இருக்கிற பட்டறை என்னுடையது. டெல்டாவில் பெரும்பாலும் இந்த அளவுப் பட்டறைகள்தான். கணக்கில் நாங்கள் வரவே மாட்டோம்.

ஒரகடம் நைட் ஷிப்ட் எழுதியது:

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வருகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அந்த 4.0 பேட்ச் பையன். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கிராமம், அப்பா நடவு வேலை. ஐடிஐயில் சேரும்வரை கம்ப்யூட்டரை அணைக்கக்கூடத் தெரியாது. ஒரே வருடத்தில் சிஎன்சியில் புரோகிராம் போடக் கற்றுக்கொண்டேன். இப்போது ஒரகடத்தில் வேலை, வீட்டுக்கு மாதம் எட்டாயிரம் அனுப்புகிறேன். தங்கை புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வாங்கிக்கொண்டு படிக்கிறாள்.

அந்த மெஷின்கள் எங்கள் ஊருக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. நாங்கள் தொட்டுப் பார்த்ததே அதனால்தான். ஊரில் தொழிற்சாலை இல்லை என்பதற்காக எங்களுக்குப் பழைய லேத்தே போதும் என்று விட்டிருந்தால், பஸ் ஏறியிருப்போம்தான், திருப்பூருக்கு, கைமடிக்கும் வேலைக்கு.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் கம்பெனி வழியாக வந்தவர். அருமையான மனிதர். நடுவிலேயே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். இரண்டு மாதம் வகுப்பு நடந்தது, மெஷினை மட்டும் யாரும் ஆன் செய்யவில்லை. எங்கள் பழைய சார் வந்து, “எனக்கே இதைச் சொல்லித் தரலையேப்பா” என்றார். அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வேதை உப்புக்காற்று எழுதியது:

தம்பி, உங்கள் கோபம் நியாயம். மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. உங்கள் பழைய சார் சொன்னது இருக்கிறதே, அதை நானும் ஒருநாள் சொல்லியிருக்கிறேன். புதிய கருவி ஒன்று வந்தபோது, வாங்கியதோடு சேர்த்து எங்களுக்கு மூன்றே நாள் பயிற்சி. மூன்றாம் நாள் மத்தியானம் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அந்தக் கருவியின் நாலில் ஒரு பங்குகூட எனக்குப் பிடிபடவில்லை. மாணவர்கள் முன் போய் நிற்க வெட்கப்பட்டு இரவில் பையன்களின் செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றேன். வேலை ஓய்வில் ஒரு பயிற்சி அலுவலர் போய்விட்டால் அந்த இடம் ‘பொறுப்பு’ என்று பக்கத்து ட்ரேடுக்காரர் தலையில் விழும். ஃபிட்டர் சார் வெல்டிங்கும் பார்ப்பார். அதுதான் நிலைமை.

தஞ்சை பயோமெடிக்கல் எழுதியது:

மருத்துவக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். செவிலி அக்காவின் ஃபியூஸ் கதை மனத்தைத் தொட்டது, ஆனால் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அன்று ஃபியூஸாக இருந்தது. வெப்பத்தை உணரும் முனை பழுதாக இருந்தால் வார்மர் எரியும், காட்டுகிற டிகிரி மட்டும் பொய்யாக இருக்கும். குழந்தைக்குத் தோல் வெந்துவிடும். கரண்ட் கசிவு பம்ப்செட்டில் இருந்தால் நாம் உதறிக்கொண்டு தள்ளி நிற்போம், ஈசிஜி ஒட்டியிருக்கும் நோயாளியால் முடியாது. அந்த விளக்கக் கடிதம் கேட்கிற விதி வீம்புக்கு வந்ததல்ல. சரிபார்த்து, அளவீடு செய்து, கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கிற ஆள் வேண்டும்.

அதே நேரம் ஐயா கேட்பது நடக்கக்கூடியதுதான். ஐடிஐ பாடத்திட்டத்தில் மருத்துவ மின்னணுவியல் டெக்னீஷியன் என்று இரண்டு ஆண்டு ட்ரேடே இருக்கிறது. யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுக்கக் கருவிகளைக் கணக்கெடுத்தபோது மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை இயங்காமல் கிடந்தது தெரிந்தது. அதற்குப் பிறகுதான் 2015இல் தேசிய அளவில் பராமரிப்புத் திட்டம் வந்தது. பல மாநிலங்களில் அதை மொத்தமாக ஒப்பந்தத்துக்கு விட்டார்கள்.

என் அனுபவத்தில் கருவிகளுக்கு வரும் கோளாறில் பெரும்பகுதி சின்னது. பிளக், வயர், பேட்டரி, தூசு அடைத்த ஃபில்டர், எலி கடித்த கேபிள். கடலோரத்தில் உப்புக்காற்று பட்டு சர்க்யூட் போர்டில் பச்சை பூக்கும், அது தனிக்கதை. இந்தச் சின்ன வேலைகளை அந்த வட்டாரத்திலேயே இருக்கும் ஒருவர் பார்த்தால், பெரிய கோளாறுக்குத்தான் எங்களைப் போன்றவர்கள் போக வேண்டியிருக்கும். கொரோனா நேரத்தில் அரசு மருத்துவமனைகளில் ஆக்சிஜன் உற்பத்திப் பிளாண்ட்டுகள் வைத்தபோது, அவற்றை ஓட்ட ஐடிஐ படித்தவர்களுக்குத்தான் தனிப்பயிற்சி கொடுத்தார்கள். அவசரத்துக்கு முடிந்தது, சாதாரண நாளில் முடியாதா?

குத்தாலம் குறுவை எழுதியது:

நாங்கள் மயிலாடுதுறை மாவட்டம். 2020 டிசம்பரில் தனி மாவட்டம் ஆனது, மருத்துவக் கல்லூரி இன்னும் வரவில்லை. தஞ்சாவூரில் 1959இலிருந்து இருக்கிறது, திருவாரூருக்கு 2010இல் வந்தது, நாகப்பட்டினத்துக்கு ஒரத்தூரில் 2022 ஜனவரியில் திறந்தார்கள். எங்கள் பக்கம் கொஞ்சம் கஷ்டமான கேஸ் என்றால் ‘தஞ்சாவூர் மெடிக்கலுக்குக் கொண்டுபோங்க’ என்பதுதான் வார்த்தை. போகிற வழியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் உட்கார்ந்திருந்தவன் நான். கருவி இருக்கிறது, வேலை செய்யவில்லை என்றுதான் எங்களை அனுப்பினார்கள். ஆகவே உப்புக்காற்று ஐயா பேசுவது எங்களுக்கு வெறும் நிர்வாக விஷயம் இல்லை.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா பக்கவாதத்தோடு திரும்பி வந்த பிறகு மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்தார். தெருவில் மகளிர் குழுவில் இருக்கும் பெண்தான் பிரஷர் பார்த்து மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார். அந்தத் திட்டத்துக்கு 2024இல் ஐநா விருது வந்ததாகப் படித்தபோது எங்கள் தெருப் பெண்ணுக்கு வந்ததாகவே நினைத்துக்கொண்டேன்.

குடந்தைக் கணக்கர் எழுதியது:

கணக்குத் துறையில் இருந்தவன், அதனால் காசு போகும் வழியைத்தான் பார்ப்பேன். பொதுத்துறையில் சீர்திருத்தம் என்றாலே தனியாரிடம் கொடுப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். நம் கையிலேயே வேறு உதாரணம் இருக்கிறது, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்.

1994க்கு முன் அரசு மருத்துவமனையில் மருந்து இல்லை என்பது சாதாரணம். சீட்டு எழுதி வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். ஆர். பூர்ணலிங்கம் போன்ற அதிகாரிகள் முன்நின்று இந்தக் கழகத்தை உண்டாக்கினார்கள். மொத்தமாக வெளிப்படையான டெண்டர், மாவட்டங்களில் கிடங்கு, ஒவ்வொரு தொகுதி (பேட்ச்) மருந்தும் ஆய்வகத்தில் தேறிய பிறகே வெளியே போக வேண்டும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள், வங்கிக் கணக்கு மாதிரி. உன் பங்கு இவ்வளவு, இதுவரை எடுத்தது இவ்வளவு, மீதி இவ்வளவு. ஒரு சிறிய ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளுநர்கூடத் தன் கணக்கைத் தானே பார்த்துத் தேவையானதை எடுக்கலாம். யாருடைய தயவும் வேண்டாம். கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதே மாதிரிக் கழகம் அமைத்தன. செய்ததெல்லாம் அரசு ஊழியர்கள்தான்.

இதைக் கருவிப் பராமரிப்புக்கும் கொண்டுவரலாம். இன்று ஒரு வார்மர் பழுதானால் அந்த ஆரம்ப சுகாதார நிலையம் புகார் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒரு வட்டாரத்துக்கு ஒரு டெக்னீஷியன், அவர் கையில் ஒரு பாஸ்புக். ஃபியூஸ், பேட்டரி, கேபிள் போன்ற சின்ன உதிரிகளை மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். எந்தக் கருவி எத்தனை நாள் நின்றது என்பதும் அதிலேயே பதிவாகட்டும். ஆண்டு முடிவில் எந்தக் கம்பெனிக் கருவி அடிக்கடி படுக்கிறது என்று தெரிந்துவிடும், அடுத்த டெண்டரில் அந்தக் கணக்கு பேசும்.

செலவாகுமே என்று கேட்பார்கள். ஒரு கருவி நின்றதால் தஞ்சாவூருக்கு ஓடுகிற ஒவ்வொரு ஆம்புலன்ஸுக்கும் டீசல் ஆகிறது. அது வேறு தலைப்பில் எழுதப்படுகிறது, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

வெண்ணாற்றுச் செவிலி எழுதியது:

கணக்கர் ஐயா, பாஸ்புக் யோசனை எனக்குப் புரிகிறது, பிடிக்கிறது. ஒன்று மட்டும் சேருங்கள். டெக்னீஷியன் வரும் நாளில் எங்களுக்கும் அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கட்டும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரின் ஃபில்டரைக் கழுவ வேண்டும் என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. கருவியோடு வந்த புத்தகம் ஆங்கிலத்தில், அதுவும் அலமாரிக்குள் பூட்டி.

அப்புறம், அந்த டெக்னீஷியன் பெண்ணாகவும் இருக்கலாம். பிரசவ அறைக்குள் எந்த நேரமும் தயக்கமில்லாமல் வந்து போக முடியும். எங்கள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் எட்டாயிரம் சம்பளத்துக்கு நிற்கிற பெண்கள் எத்தனை பேர்! பக்கத்து வட்டாரத்திலேயே அரசு வேலை என்றால் வீட்டில் படிக்க அனுப்புவார்கள்.

ஒரகடம் நைட் ஷிப்ட் எழுதியது:

அக்கா சொன்ன மாதிரி நிரந்தர வேலையாக இருந்தால் நானே திரும்பி வருவேன். இங்கே ஒரே அறையில் ஆறு பேர் தங்கியிருக்கிறோம். அப்பாவுக்கு மூட்டுவலி. சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

வேதை உப்புக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்து ஒரு மனு எழுதியிருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கப் போகிறேன். கேட்பது மூன்று விஷயம்.

மாவட்டத்தில் ஓர் அரசு ஐடிஐயிலாவது மருத்துவ மின்னணுவியல் டெக்னீஷியன் பிரிவு தொடங்கி, அதற்கு நிரந்தரப் பயிற்சி அலுவலர் போட வேண்டும். அவரை மூன்று நாள் சான்றிதழுக்கு அனுப்பாமல் குறைந்தது ஆறு மாதம் பெரிய மருத்துவமனையின் கருவிப் பிரிவில் உட்கார்த்திப் பழக்க வேண்டும்.

இரண்டாவது, அந்தப் பிரிவு மாணவர்களின் தொழில் பழகுநர் ஆண்டு மாவட்டத்து அரசு மருத்துவமனைகளிலேயே நடக்க வேண்டும். தஞ்சை தம்பி சொன்ன மாதிரி தகுதி பெற்ற பொறியாளர் கையெழுத்தின் கீழ், சின்ன வேலைகளில் தொடங்கி.

மூன்றாவது, வட்டாரத்துக்கு ஒரு பராமரிப்பு டெக்னீஷியன், பாஸ்புக்கோடு. தடுப்பூசிப் பெட்டிக்கு இருக்கிற அதே ஏற்பாட்டை மற்றக் கருவிகளுக்கும் கேட்கிறோம், அவ்வளவுதான்.

யாருக்காவது திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

வெண்ணாற்றுச் செவிலி எழுதியது:

மூன்றாவதில் ‘காலமுறை ஊதியத்தில்’ என்ற இரண்டு வார்த்தையைச் சேருங்கள் ஐயா. அது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

குத்தாலம் குறுவை எழுதியது:

மனுவின் நகல் எனக்கும் வேண்டும். அடுத்த கிராம சபையில் எங்கள் ஊராட்சித் தீர்மானமாக வைக்கிறேன். ஆகஸ்ட் 15க்கு இன்னும் நாள் இருக்கிறது, பக்கத்து ஊராட்சிகளிலும் பேசிப் பார்க்கிறேன்.

மன்னை பட்டறை எழுதியது:

பழகுநருக்கு நாலு பேர் வேண்டும் என்ற கணக்கைச் சின்னப் பட்டறைகளுக்குத் தளர்த்தச் சொல்லியும் ஒரு வரி எழுதுங்கள். இரண்டு மூன்று பட்டறை சேர்ந்து ஒரு பையனை எடுத்தால் ஏற்றுக்கொள்ளட்டும். திங்கட்கிழமை காலை வேதாரண்யத்திலிருந்து எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், நான் நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

வேதை உப்புக்காற்று எழுதியது:

இரண்டு திருத்தமும் சேர்த்துவிட்டேன். ஏழு மணி பஸ்.